நறுமண எண்ணெயைத் தோலில் வைத்து அறியும் முறை

சிறு அளவில், கையால் கலந்து தயாரிக்கப்படும் நறுமண எண்ணெய் ஒன்றைக் குப்பியின் வாயில் முகர்ந்து மயங்கியவர், அதையே மணிக்கட்டில் தடவி அரை மணி நேரம் கழித்து முகர்ந்ததும், இது வேறு எதுவோ என்று முகம் சுளிப்பது அடிக்கடி நிகழ்வதுதான். "என் தோலுக்கு இது ஒத்துவரவில்லை" என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் உடனே வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு சில நேரங்களில் சரி. பல நேரங்களில் அவசரத்தில் எடுத்தது. அந்த அரை மணி நேரத்தில் தோல் தன் வேலையைச் செய்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தோலில் வைத்திருந்தாலும் எண்ணெய் தானாகவே மாறியிருக்கும். முகர்ந்தவரின் மூக்கும் முதலில் இருந்த நிலையில் இருந்திருக்காது. எண்ணெய், தோல், மூக்கு ஆகிய மூன்றில் எது மாறியது என்று பிரித்தறியும் வழியே இங்கே விளக்கப்படுகிறது.

எண்ணெய்க்குள் நடப்பது

பீய்ச்சிப் பூசும் வாசனைத் திரவியங்களில் பெரும்பகுதி எத்தனால். அது தோலில் பட்ட சில நொடிகளில் ஆவியாகி, இலேசான மணப்பொருள்களையும் தன்னோடு காற்றில் தூக்கிச் செல்கிறது. எதிரே நிற்பவரை எட்டும் அந்த முதல் வீச்சு அவ்வாறு எழுவதே. நறுமண எண்ணெயில் எத்தனால் கிடையாது. ஜோஜோபா எண்ணெய், உறையாதபடி பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய் போன்ற ஏதேனும் ஒரு தாங்கு எண்ணெயில் மணப்பொருள்கள் கரைந்திருக்கின்றன; மரபான அத்தர்களில் சந்தன எண்ணெயே தாங்கியாகவும் மணமாகவும் இருந்து வந்தது. தாவர எண்ணெய்கள் தோலின் வெப்பத்தில் ஆவியாகாமல் அங்கேயே தங்கி, தம்மில் கரைந்துள்ள மணப்பொருள்களையும் எளிதில் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே நறுமண எண்ணெயின் தொடக்கம் அடக்கமானது. அதன் மணம் உடலை ஒட்டியே நிற்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அது நகர்வதும் மெதுவாகத்தான். ஒரு சாண் தொலைவுக்கு மேல் மணம் எட்டவில்லை என்பதை வைத்து எண்ணெயைத் தரம் குறைந்தது என்று சொல்வது பொருந்தாது.

மணம் கட்டம் கட்டமாக மாறுவதற்கு முதன்மையான காரணம், கலவையில் உள்ள பொருள்கள் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை என்பதே. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தோலில் மிகுந்திருக்கும் லிமோனீன் 176 பாகை செல்சியஸில் கொதிப்பது. இலவங்கத்தின் யூஜெனால் 254 பாகையிலும், வனிலாவின் வனிலின் 285 பாகையிலும் கொதிக்கின்றன. தோலின் மேற்பரப்போ 32 முதல் 34 பாகை வரைதான் சூடாக இருக்கிறது. அங்கே எதுவும் கொதிப்பதில்லை. ஆனாலும் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் பொருள், பொதுவாக அந்த மிதமான சூட்டிலும் முந்திக்கொண்டு காற்றில் கலக்கும். வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய மணக்கலைஞர் மணப்பொருள்களை அவை நீடிக்கும் காலத்தை வைத்து 1 முதல் 100 வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். சந்தனம், பச்சோலி என்ற மண இலையின் எண்ணெய், வனிலின் முதலியவை அந்த வரிசையின் கடைசியில், 100 என்ற எண்ணில் நிற்கின்றன. முதலில் எழுந்து மறையும் மேல்மணம், அடுத்து நிற்கும் நடுமணம், கடைசிவரை தங்கும் அடிமணம் என்று நாம் பிரித்துப் பேசுவது இந்த வேக வேறுபாட்டைத்தான்.

இவை ஒன்று முடிந்தபின் மற்றொன்று தொடங்குவதாக எண்ணிக்கொள்வது தவறு. சந்தனம் முதல் நொடியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. ஆனால் ஆரஞ்சின் கூச்சலில் அதன் குரல் கேட்பதில்லை. இலேசான பொருள்கள் வெளியேற வெளியேற, மிஞ்சிய கலவையில் கனமான பொருள்களின் பங்கு கூடுகிறது. பங்கு கூடும்போது அவை காற்றில் சேரும் அளவும் ஒப்பீட்டில் உயர்கிறது. எனவே இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு "புதிதாக வந்த" மணம், முதலிலிருந்தே அங்கு இருந்து கொண்டிருந்த மணம்தான்.

சோதனை செய்யும் முறை

முழங்கையின் உட்பக்கத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே சோதனைக்கு ஏற்ற இடம். மணிக்கட்டு அடிக்கடி கழுவப்படுவதாலும், உடையிலும் மேசையிலும் உரசுவதாலும் அங்கே கிடைக்கும் முடிவை நம்ப முடியாது. மணமற்ற சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, கால் மணி நேரம் காத்திருந்த பிறகு தொடங்குவது நல்லது. ஈரமான தோலிலோ வேறொரு களிம்பின் மணம் மிச்சமிருக்கும் தோலிலோ செய்யும் சோதனை இரண்டு மணங்களின் கலவையைத்தான் காட்டும்.

எண்ணெயின் அளவு கடுகு அளவாக இருந்தால் போதும். அதிகம் தடவினால் அதிகம் தெரியும் என்பது மணத்தைப் பொறுத்தவரை உண்மையன்று. சில பொருள்கள் அளவு கூடும்போது குணமே மாறிவிடுகின்றன. கண்ணாடிக் குச்சியின் நுனியால் ஒரு புள்ளி வைத்து, விரல் நுனியளவு பரப்புக்கு மெல்லப் படரவிட வேண்டும். குப்பியின் மூடியோடு இணைந்த குச்சியைத் தோலில் தேய்த்துவிட்டுத் திரும்பவும் குப்பிக்குள் விடுவது, தோலின் கொழுப்பையும் அழுக்கையும் எண்ணெயில் கலப்பதாகும். தனிக் குச்சி ஒன்றை வைத்துக்கொள்வதே முறை. இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தால் மணம் "நசுங்கிவிடும்" என்று சொல்வார்கள். அப்படி எதுவும் நசுங்குவதில்லை. தேய்ப்பால் சூடு கூடி, எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, மேல்மணம் விரைந்து போய்விடுகிறது, அவ்வளவே. சோதனையின்போது அதையும் தவிர்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் நாம் காண விரும்புவது அந்த மேல்மணத்தையும்தான்.

அதே நேரத்தில் மணமற்ற கெட்டியான வெள்ளைத் தாளின் கீற்று ஒன்றிலும் அதே அளவு எண்ணெயை வைத்து, தேதியையும் பெயரையும் எழுதி, தனியே வைத்துவிட வேண்டும். இந்த முறை முழுவதும் இந்தக் கீற்றைத்தான் நம்பியிருக்கிறது. தாளுக்கு வெப்பமில்லை, கொழுப்பில்லை, வியர்வையில்லை. ஆகவே தாளில் நிகழும் மாற்றம் எண்ணெயின் சொந்த மாற்றம். தாளில் நிகழாமல் தோலில் மட்டும் நிகழ்வதே தோலின் பங்கு. தாளில் எல்லாம் மெதுவாக நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, தோலின் அரை மணி நேரத்தைத் தாளின் ஒன்றிரண்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

முகரும் நேரங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்: வைத்த உடனே ஒரு முறை, பத்து நிமிடங்களில் ஒரு முறை, பிறகு அரை மணி, இரண்டு மணி, ஐந்து மணி நேரங்களில், கடைசியாக மறுநாள் காலை தாளில் மட்டும். முதல் சில நிமிடங்களைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அவற்றை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எத்தனால் இல்லாததால் எண்ணெய்க் கலவைகளின் தொடக்கம் பல நேரங்களில் கலங்கலாகவும், தட்டையாகவும், சில வேளை பிளாஸ்டிக் நெடியோடும் இருக்கும். பத்தாவது நிமிடத்துக்குள் அது பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சாண் தொலைவில் வைத்து முகர்ந்து, பிறகுதான் தோலுக்கு அருகே மூக்கைக் கொண்டு செல்ல வேண்டும். நெருங்கி முகரும்போது கிடைப்பதும், தள்ளி நின்று கிடைப்பதும் ஒரே மணமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உங்களோடு இருப்பவர்கள் அறிவது இரண்டாவதைத்தான்.

குறிப்பேட்டில் "நன்றாக இருக்கிறது", "பிடிக்கவில்லை" என்று எழுதுவதால் பயனில்லை. மணத்துக்குத் தமிழில் சொல் வளம் குறைவில்லை. நெடி, வாடை, வீச்சம், காறல், சிக்கு, துவர்ப்பு, மண்வாசம், பச்சை வாசம், புகை, பொடி, மெழுகு என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு சொல்லும் ஒரு துல்லியமான அனுபவத்தைக் குறிக்கிறது. தயாரிப்பாளர் தந்த மணப்பட்டியலை முதல் சோதனை முடியும்வரை படிக்காமல் இருப்பதும் உதவும். பட்டியலில் "தோல் பதனிடும் மணம்" என்று கண்டவருக்கு அது இல்லாத இடத்திலும் தெரியத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பட்டியல் பொருள்களின் பட்டியலும் அன்று. "ஆம்பர்" என்பது பெரும்பாலும் லாப்டனம் பிசின், சாம்பிராணி, வனிலா ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய கற்பனை மணம். பள்ளத்தாக்கு லில்லி மலரிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்கப்படுவதில்லை என்பதால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் பிற பொருள்களால் உருவாக்கியதே. "மழை" என்ற சொல் கண்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் போன்ற ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மூக்கு ஏமாற்றும் இடங்கள்

ஒரு மணத்தைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களில் அது மங்கத் தொடங்கும். மூளை அதைப் பழகிய பின்னணியாகக் கருதி ஒதுக்கிவிடுகிறது. காலையில் தடவிய எண்ணெய் பத்து மணிக்கே "போய்விட்டது" என்று மீண்டும் தடவுகிறவரின் அருகில் மற்றவர்கள் உட்கார முடியாமல் போவது இதனால்தான். எண்ணெய் உண்மையில் தீர்ந்ததா என்று அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. வெளியே சென்று சற்று நேரம் நடந்துவிட்டு வந்து முகர்வது ஒன்று. வேறொருவரை முகரச் சொல்வது மற்றொன்று. இடையில் காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது அது வெறுங்காற்றைவிட மேலாக உதவவில்லை என்றே தெரிந்தது. காப்பி இன்னொரு மணம், அவ்வளவுதான். மணம் தடவாத உங்கள் சொந்த முழங்கை மடிப்பை முகர்வது அதைவிட நல்லது. அது மூக்குக்கு ஏற்கெனவே பழகிய, நடுநிலையான இடம்.

ஒரு நாளில் மூன்று எண்ணெய்களுக்கு மேல் சோதிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்காவதைப் பற்றி எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியவையாகவே இருந்துவிடுகின்றன.

மனிதருக்கு ஏறத்தாழ 400 வகையான மண வாங்கிகள், அதாவது மணப்பொருள்களை உணரும் மூக்கின் நுண் உறுப்புகள், உள்ளன. அவற்றுக்குரிய மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் 1991-இல் அறிவித்து, அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்த வாங்கிகள் ஆளுக்கு ஆள் சிறிது மாறுபடுகின்றன. வயலட் என்னும் ஊதா மலரின் மணத்தைத் தரும் பீட்டா அயனோன் சிலருக்கு இனிய மலர்மணமாகவும், சிலருக்குப் புளித்த, உவப்பற்ற வாடையாகவும் தெரிவதற்கு ஒரே ஒரு வாங்கியின் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடு பெரிதும் காரணமாகிறது. செயற்கைக் கஸ்தூரிகளின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றுள் குறிப்பிட்ட ஒன்றை அறவே உணராதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கஸ்தூரியே உயிராக அமைந்த ஒரு கலவை அத்தகையவருக்கு அரை மணி நேரத்தில் "மறைந்துவிடும்". அருகில் இருப்பவருக்கோ மாலை வரை மணக்கும். இதைத் தோலின் மேல் பழி போட்டுப் பயனில்லை. தாளிலும் அது உங்களுக்கு மட்டும் மறைந்துவிட்டால், காரணம் மூக்கு என்று தெளிவாகிவிடுகிறது.

தோலின் உண்மையான பங்கு

அப்படியானால் தோல் எதுவும் செய்வதில்லையா என்றால், செய்கிறது. ஆனால் அது மாயமான இரசாயனம் அன்று. வெப்பம் கூடிய தோலில் எல்லாமே விரைவாக ஆவியாகும், மேல்மணம் சுருங்கும், அடிமணம் சீக்கிரம் தலைகாட்டும். எண்ணெய்ப்பசை மிகுந்த தோல், மணப்பொருள்களுக்கு இன்னொரு தாங்கு எண்ணெயாகி அவற்றை நெடுநேரம் வைத்திருக்கும். வறண்ட தோலில் தாங்கு எண்ணெய் விரைவில் உள்ளிழுக்கப்பட்டு, மணம் மெலிந்து, அடியில் உள்ள பிசின்களும் மரங்களும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்டவர்கள் மணமற்ற களிம்பை முதலில் மெல்லியதாகத் தடவி, அது ஊறியபின் எண்ணெயை வைத்துப் பார்த்தால், "ஒத்துவராத" சில எண்ணெய்கள் ஒத்துவருவதைக் காணலாம். தோலின் அமிலத்தன்மையை எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் நீங்களே சோதித்து உறுதி செய்யக்கூடியவை வெப்பமும், எண்ணெய்ப்பசையும், ஈரப்பதமும்தான். ஒரே எண்ணெயைக் கோடையில் ஒருமுறையும் குளிரில் ஒருமுறையும் சோதித்தவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

சில பொருள்களைத் தோலில் வைக்கும்போது தனிக் கவனம் வேண்டும். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு உண்டு. அது மிகக் குறைந்த அளவில் மலருக்கு உயிரூட்டுவது. செறிவு கூடினால் அந்துருண்டையையும், அதைவிட மோசமானவற்றையும் நினைவூட்டுவது. வெப்பமான கழுத்தில் அளவுக்கு மீறித் தடவிய மல்லிகை எண்ணெய் "அழுகியது போல" தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாதி அளவில் மீண்டும் முயன்று பார்க்காமல் அதைத் தள்ளிவிட வேண்டாம். வனிலின் மெதுவாக ஆவியாவதால், கலவையில் சிறு பங்கே இருந்தாலும் கடைசி மணி நேரங்களைத் தானே ஆண்டுகொள்ளும். எந்த எண்ணெயைத் தடவினாலும் கடைசியில் ஒரே இனிப்புத்தான் மிஞ்சுகிறது என்று குறைப்படுகிறவர்கள், தம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவற்றில் வனிலாவோ அதன் உறவினமோ இருப்பதைக் காண்பார்கள். வனிலின் காலப்போக்கில் எண்ணெயைப் பழுப்பாக்கவும் செய்யும். வெள்ளை உடையில் கறை விழாமல் இருக்க, எண்ணெய் தோலில் ஊறிய பிறகு உடுத்துவது பாதுகாப்பு. வெட்டிவேரும் பச்சோலியும் தொடக்கத்தில் ஈரமண்ணும் கற்பூர நெடியுமாக வந்து, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே மரத்தின் இனிமைக்குத் திரும்புகின்றன. இவற்றை ஐந்து நிமிடத்தில் கைகழுவுகிறவர் இவற்றின் நல்ல பகுதியைப் பார்ப்பதே இல்லை.

எரிச்சலும் வெயிலும்

இயற்கைப் பொருள் என்பதால் தோலுக்குத் தீங்கு இராது என்று கொள்ள முடியாது. புதிய எண்ணெயை முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து 24 முதல் 48 மணி நேரம் கவனித்த பிறகே கழுத்துக்கும் மார்புக்கும் கொண்டு செல்ல வேண்டும். இலவங்கப்பட்டையும் இலவங்கமும் எரிச்சல் உண்டாக்கக்கூடியவை. பெர்கமாட் பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் உள்ள பெர்காப்டென், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கறுக்கச் செய்யும். பன்னாட்டு நறுமணப் பொருள் சங்கமான இஃப்ரா, தோலில் தங்கும் பொருள்களில் அந்த எண்ணெயின் அளவுக்கு 0.4 விழுக்காட்டை வரம்பாக வைத்திருக்கிறது. பெர்காப்டென் நீக்கிய எண்ணெய் பயன்படுத்தப்பட்டதா என்று தயாரிப்பாளரைக் கேட்பது தவறில்லை. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத தயாரிப்பாளரிடம் வாங்காமல் இருப்பதும் தவறில்லை. தடிப்பு, அரிப்பு, சிவப்பு எது வந்தாலும் உடனே கழுவிவிட்டு, அந்த எண்ணெயை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

குப்பிக்குள் தொடரும் மாற்றம்

தபாலில் வந்த குப்பியைத் திறந்த உடனே சோதிக்கத் தோன்றும். ஒரு வாரமாவது இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு திறப்பது நல்லது. பயணத்தில் மிகையாகச் சூடாகியோ குளிர்ந்தோ இருக்கக்கூடிய எண்ணெய் அறை வெப்பத்துக்குத் திரும்ப வேண்டும். பிசினும் வனிலினும் குப்பியின் அடியில் படிந்திருந்தால், உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலிருந்து எடுத்த துளியும், பல வாரங்களுக்குப் பின் அடியிலிருந்து எடுத்த துளியும் இரு வேறு எண்ணெய்களாகவே மணக்கும்.

புதிதாகக் கலந்த எண்ணெயில் மணப்பொருள்கள் தமக்குள் மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. ஆல்டிஹைடுகள் என்ற வகை மணப்பொருள்கள், அமீன்கள் என்ற வேறு வகைப் பொருள்கள் சிலவற்றோடு சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் ஆழமாக்கும். முனைகள் மழுங்கி, கலவை ஒன்றுபடும். சந்தனம், பச்சோலி, வெட்டிவேர், பிசின்கள் ஆகியவை மேலோங்கிய எண்ணெய்கள் பொதுவாக ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்படுகின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. லிமோனீன் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது மணம் டர்பன்டைன் நெடியை நோக்கிச் சரிவதோடு, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களும் அதில் உருவாகின்றன. அத்தகைய குப்பிகளை முதலில் தீர்த்துவிட வேண்டும். பாதி தீர்ந்த எண்ணெயைச் சிறிய குப்பிக்கு மாற்றினால் உள்ளே நிற்கும் காற்று குறையும். ரப்பர் குமிழ் உள்ள துளிச்செலுத்தியோடு நீண்ட நாள் வைத்தால் மணப்பொருள்கள் ரப்பரை அரித்துவிடுகின்றன என்பதால் இறுக மூடும் சாதாரண மூடியே மேல். தாங்கு எண்ணெய் எது என்பதும் இங்கே முக்கியம்: ஜோஜோபா உண்மையில் ஒரு திரவ மெழுகு, எளிதில் காறுவதில்லை, பாதாம் எண்ணெய் போன்றவை விரைவில் காறுகின்றன. காறல் வாடை ஒருமுறை தெரிந்துவிட்டால் அது தோலின் குற்றமும் அன்று, மூக்கின் குற்றமும் அன்று. குப்பியைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

மற்றபடி, பிடிக்காமல் போன எண்ணெயை உடனே யாருக்கும் கொடுத்துவிடாமல், தேதி எழுதி அலமாரியின் இருட்டில் வைத்துவிட்டு, மூன்று மாதங்கள் கழித்து வேறொரு பருவத்தில், பழைய குறிப்பைப் பார்க்காமல், புதிய பக்கத்தில் மீண்டும் எழுதுங்கள். இரண்டு குறிப்புகளையும் அதன் பிறகு அருகருகே வைத்துப் படிக்கலாம்.